காலி வட்டம்

தீப்பிடித்தால் யார் எங்கே வந்து நிற்பதென்று பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன் நெடுநாள் யோசித்துத் திட்டம் போட்டார். முன்வாசலில் ஆளுக்கொரு வட்டத்தைத் தன் கையாலேயே சுண்ணாம்பில் வரைந்தார். எந்த வட்டம் காலியாக இருக்கிறதோ, அந்த ஆளைத் தேடி உள்ளே ஓட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒத்திகை மணி அடித்தது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் கடைசியாக வந்தார். ஒரு வட்டம்கூடக் காலியாக இல்லை.

"என்ற வட்டம் எங்க?" என்றார்.

"உங்களுக்கு நீங்க போட்டுக்கலீங்களே," என்றாள் தையல்காரி மயிலாத்தாள்.

"அப்ப நான் உள்ளயே மாட்டிக்கிட்டா?"

மயிலாத்தாள் தன் வட்டத்துக்குள்ளேயே ஓரமாக ஒதுங்கி, இன்னோர் ஆள் நிற்க இடம் விட்டாள்.