விசிலும் அழுகையும்

பேராசிரியர் தணிகைவேல் தன் பழைய மாணவி ஜெசிந்தாவைப் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வரச் சொல்லத்தான் அவள் வீட்டுக்கு வந்திருந்தார்.

"காதுக்குள்ள வைக்கிற சில்லு செய்யறே, சரி. கம்பெனிக்காரன் உன் பேரை எங்கயாவது போடுறானா? எங்ககிட்ட வந்தா வருஷம் நூறு கட்டுரை போடலாம். எழுதறதும் மெஷின், படிக்கறதும் மெஷின். உனக்கு என்ன கஷ்டம்?"

பதில் சொல்வதற்குள் அவளுடைய போன் அடித்தது; ஸ்பீக்கரில் போட்டாள். சில்லை வடிவமைத்தவரே அதைப் பற்றிய புகாரையும் கேட்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். அதற்காகவே அவள் அங்கே சேர்ந்திருந்தாள்.

"மேடம், காய்ச்சல்ல போன என் காது உங்க சில்லாலதான் திரும்ப வந்துச்சு. ஆனா பாப்பா அழுவுறதும் குக்கர் விசிலும் ஒரே மாதிரி கேக்குது. நான் அடுப்பை அணைக்க ஓடுறேன், அவ தொட்டில்ல கிடந்து கத்துறா." சொல்லும்போதே போனில் பேசிய பெண் அழுதுவிட்டாள்.

"என் தப்பும்மா. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்," என்றாள் ஜெசிந்தா.

தணிகைவேல் ஆறிப்போன காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினது தப்புன்னு சொல்லக்கூட எனக்கு யாரும் போன் பண்ணதில்லம்மா."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"குக்கர் எங்க இருக்கு? அடுப்புல வை, கேட்டுப் பார்ப்போம்."