தத்ரி அன்று ஒரு பகோடா வாசனை

"தத்ரி அன்னிக்கு அடுப்பு மூட்டினா அம்மனுக்கு ஆகுமா? ஊருக்கே அம்மை போடும்! அதுவும் பகோடாவாம்! எண்ணெய் வாசனை மூணாவது மாடி வரைக்கும் வந்து கூப்பிடுது!"

பாக்வந்தி போட்ட சத்தத்தில், அந்த உல்லாஸ்நகர் கட்டிடத்தின் எல்லாக் கதவுகளும் ஒரு விரற்கடை திறந்துகொண்டன.

முதல் மாடியில் ஜேட்டிபாய் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மருமகள் சாயலி. மராத்திப் பெண். கல்யாணமாகி இந்தச் சிந்தி வீட்டுக்கு வந்து இதுதான் முதல் தத்ரிப் பண்டிகை.

"மெதுவாப் பேசு பாக்வந்தி. சின்னப் பொண்ணு, தெரியாம..."

"என்ன தெரியாம? நேத்து நான்தானே வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? சமைச்சு முடிச்சு, அடுப்புல தண்ணி தெளிச்சுக் கும்பிட்டாச்சுன்னா மறுநாள் பூரா ஆறினதுதான். ஒரு நாள்! ஒரே ஒரு நாள் நாக்கைக் கட்ட முடியலையாடி உனக்கு?"

சாயலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்புதான் மாமி. மழை பெய்யுதா, ஆசையா இருந்துச்சு."

"கேட்டுக்கோங்க, ஆசையாம்!" பாக்வந்தி திறந்திருந்த கதவுகளுக்கெல்லாம் சேர்த்துச் சொன்னாள். "என் வீட்டுக்காரருக்கு இருக்கிறது நாக்கில்ல, தராசு. உப்பு ஒரு கல் கூடினாத் தட்டைத் தள்ளிடுவார். அவரே காலையில ஆறிப்போன ரொட்டியைத் தின்னுட்டு, 'அமிர்தம்'னு சொல்லிட்டு ஜூலேலால் கோயிலுக்குப் போயிருக்கார். முப்பது வருஷமா இப்படித்தான். பக்தின்னா அது!"

ஜேட்டிபாய்க்கு ஏனோ இருமல் வந்தது.

"சாயந்தரம் பூஜைக்கு இவ கைபட்ட லோலோ ரொட்டி என் தட்டுல ஏறாது. இவளும் வர வேணாம். சொல்லிட்டேன்."

அதைக் கேட்டதும்தான் அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

வெல்லப்பாகில் மாவு பிசைந்து, நேற்றெல்லாம் நின்றபடி, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு இருபத்தொரு லோலோ தட்டியிருந்தாள். கட்டிடத்துப் பெண்களோடு பூஜையில் உட்காரப்போகிறோம், இனி இது நம் வீடு என்ற சந்தோஷத்தில், அம்மா கொடுத்த பச்சைப் புடவையைக்கூட எடுத்து வைத்திருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

வாயைத் திறந்தாள். சமையலறைத் திரைப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சரி மாமி."

எதிர்த்துப் பேசியிருந்தால் பாக்வந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். நெஞ்சில் முள் குத்தினாற்போல இருந்தது. ஆனாலும் முறை என்றால் முறை.

"அழாதே. முதல்ல உன் அடுப்பைக் குளிரப் பண்ணணும். சொம்பு எங்கே?"

"நானே தெளிச்சுக்கறேன்," ஜேட்டிபாய் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "உள்ளே ஒரே குப்பையாக் கிடக்கு."

"உன் வீட்டுக் குப்பையை நான் பாக்காததா? தள்ளு."

வாசலோரக் குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மனசுக்குள் அம்மனை வேண்டியபடி, பாக்வந்தி சத்தமில்லாமல் சமையலறையை நோக்கி நடந்தாள். மாமியாரும் மருமகளும் மூச்சுக்கூட விடவில்லை.

அந்த அமைதியை நம்பி, திரைக்குப் பின்னால் ஒரு குரல் செருமிக்கொண்டு கிளம்பியது.

"என் பொண்டாட்டி போயிட்டாளா? அப்பாடா! என்னால நீ வசவு வாங்கினே, பாவம். சாயலி, உன் மாமியார் வருஷா வருஷம் இன்னிக்குப் போட்டுக் கொடுப்பாளே, அதே மாதிரி இஞ்சி தட்டிப் போட்டுச் சூடா ஒரு டீ கொடும்மா..."