சுண்டுவிரலைக் காணோம்

"கண்ணைத் திறக்கக் கூடாதுப்பா! இப்போ எங்கே தெரியுது?"

"இங்கே... இல்ல, கொஞ்சம் மேலே."

சட்டையில்லாமல் கட்டிலில் சாய்ந்திருந்த கப்பல் மெக்கானிக், இடது கையால் தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். மகள் அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அவள் தொட்டதென்னவோ, முக்காலிமேல் கிடந்த அவருடைய வலது கை கட்டைவிரலை.

இயந்திரத்தில் சிக்கி மரத்துப்போன கைக்கு, விலாவிலிருந்து நரம்பைத் திருப்பி இணைத்திருந்தார்கள். கையைத் தொட்டால் முதலில் விலாவில்தான் தெரியும், போகப்போக விரலிலேயே தெரியும் என்றார் டாக்டர். எட்டாம் வகுப்பு மகளுக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை உலகத்தில் இல்லை. பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு வந்து, புள்ளிகளைச் சேர்த்து அவர் மார்பில் ஒரு கையையே வரைந்துவிடுவாள். குளித்தால் அழியும். மறுநாள் மறுபடி வரைவாள். அப்பா ஒரு வருடம் முழுக்கக் கரையில் இருப்பது, அவள் பிறந்த பிறகு இதுதான் முதல் தடவை.

மூன்று நாளாக அந்த வரைந்த கைக்கு நாலே விரல்.

"சுண்டுவிரல்?"

"தொட்டுட்டேன். தெரியலையா?"

"ம்ஹூம்."

"நல்லா அமுக்கறேன். இப்போ?"

"விலாவிலயும் இல்ல, விரல்லயும் இல்ல. போன வாரம் இருந்துச்சே, எங்கே போய்த் தொலைஞ்சுது?"

நாளைக்கு அவரைக் கம்பெனி டாக்டர் பார்க்கிறார். விலாவில் இல்லாமல், ஒரு விரலிலாவது உணர்ச்சி திரும்பியிருந்தால் வெள்ளிக்கிழமை கப்பல். இல்லையென்றால் வேலைக்கு முழுக்கு.

"அப்பாவும் மகளும் ஆராய்ச்சியை முடிச்சாச்சா? சட்டையைப் போடுங்க, சளி பிடிக்கப்போகுது." மனைவி டீ டம்ளரைக் கொண்டுவந்து முக்காலியில் வைத்தாள்.

"ஆ! சுடுது!"

"எங்கே?"

"சுண்டுவிரல்லடி! விலாவில இல்ல, விரல்லயே சுடுது!" சந்தோஷத்தில் துள்ளிக் கண்ணைத் திறந்தார். "என்னம்மா அதிசயம் இது? நீ அந்த அமுக்கு அமுக்கியும் தெரியல, டம்ளர் பட்டதும் தெரியுதே!"

மகள் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான் அமுக்கவே இல்லப்பா. மூணு நாள் முன்னாடி, நீங்க தூங்கறப்போ அந்த விரலைத் தொட்டேன், 'சுண்டுவிரலை விடுடி'ன்னு சொன்னீங்க." அவள் குரல் உடைந்தது. "தெரிஞ்சா கப்பலுக்குப் போயிடுவீங்களே!"