சிவப்புக்கோட்டின் மேல் விழுந்த பழி

பொறாமைக்காரி என்று சிவப்புக்கோட்டின் மேல் பழி போட்டது வேறு யாருமில்லை, சொந்த அக்காதான். வரைபடத்தாளில் அக்கா நீலக்கோடு எவ்வளவு வேகமாக ஏறுகிறாள், எவ்வளவு வேகமாக இறங்குகிறாள் என்று காட்டுவதுதான் இவள் வேலை: ஏறும் வேகத்தைப் பூஜ்யத்துக்கு மேலே, இறங்கும் வேகத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே.

அக்கா உயரே போய்க்கொண்டிருந்தபோதே இவள் இறங்கினாள். "உன் ஏற்றம் தளருதுக்கா, பார்த்துக்கோ."

"நான் உயர்றது உனக்குப் பொறுக்கலை!" என்ற அக்கா, பேச்சையே நிறுத்திவிட்டாள்.

உச்சி வந்தது. அக்கா சரிந்தாள். இவளும் கூடவே பூஜ்யத்துக்குக் கீழே போனாளே, அதை யார் பார்த்தார்கள்? பாதிச் சரிவில் இவள் மேலே திரும்பியது மட்டும் அக்காவின் கண்ணில் பட்டது.

"நான் விழறேன், உனக்குக் கொண்டாட்டமாடி?"

இவள் ஏறிக்கொண்டே தாளின் ஓரத்தை நெருங்கினாள்.

"நீ விழற வேகம் குறையுதுக்கா. ஏறித்தானே அதை நான் சொல்ல முடியும்?"