சிமிட்டாத கண்

தொலைந்த போனோடு போன நம்பரைத் திரும்ப வாங்க, தங்கபுஷ்பம் செல்போன் கம்பெனிக் கடைக்கு வந்தது இது நாலாவது முறை. அவளுடைய போட்டோ ஸ்டுடியோ பலகையில் பெரிதாக எழுதியிருப்பது அந்த நம்பர்தான். ஆதார் கேட்டார்கள், கொடுத்தாள். பத்து விரலையும் வைக்கச் சொன்னார்கள், வைத்தாள். அப்பா பெயர், செத்துப்போன புருஷன் பெயர், தெரிந்தவர்கள் இரண்டு பேருடைய நம்பர் எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இப்போது டை கட்டிய ஊழியர் ஒரு செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“கண்ணைச் சிமிட்டுங்க மேடம். உயிருள்ள ஆளான்னு மிஷின் பாக்கும்.”

கண்ணைச் சிமிட்டாதீங்க என்று முப்பது வருஷமாக ஊருக்கே சொல்லிப் படம் எடுப்பவள் தங்கபுஷ்பம். இனிமேல் ஒன்றும் கொடுப்பதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

“மாட்டேன் தம்பி. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.”

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவள் கண்ணில் நீர் கோத்தது, இமை மட்டும் அசையவில்லை. திரையில் அசைவே இல்லாததைப் பார்த்த ஊழியருக்குப் போன்தான் நின்றுவிட்டதோ என்று சந்தேகம். கேமராவைத் தன் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தவர், தன்னை அறியாமல் சிமிட்டிவிட்டார்.

“நன்றி, திருமதி தங்கபுஷ்பம். சரிபார்ப்பு முடிந்தது” என்றது போன்.

அவர் மெல்ல நிமிர்ந்தார். அவள் இன்னும் சிமிட்டவில்லை.

“உங்க ஆதாரை எடுங்க தம்பி” என்றாள்.