எடைக்கேற்ற ஜோடி

ஆண்கள் மல்யுத்தக் குழுவையும் பெண்கள் குழுவையும் நிர்வாகம் ஒன்றாக்கித் தன் தலையில் கட்டியதிலிருந்து பயிற்சியாளருக்கு நிம்மதியே போய்விட்டது. இருப்பது ஒரே மெத்தை, ஒரே உடைமாற்றும் அறை. போதாக்குறைக்கு, தினமும் வாசலில் சண்டைக்கு வரும் பெற்றோர்.

இன்று ஓர் அம்மா.

"என் பொண்ண அந்தப் பையனோட மோத விடாதீங்க சார்!"

"அவ எடைக்கு அவன் ஒருத்தன்தாம்மா இருக்கான். விளையாட்டுல ஆணென்ன, பொண்ணென்ன?" எரிந்து விழுந்தார் பயிற்சியாளர்.

"அதை யாரு கேட்டா? நேத்து நீங்க சொல்லிக்குடுத்த பிடியில எங்க வீட்டு சாப்பாட்டு மேஜை காலே ஒடிஞ்சு போச்சு!"

"மேஜையா?"

"அவனும் நான் பெத்ததுதான் சார். வீட்டுல இதுங்க அடிச்சுக்கிறது தாங்காமதான் ஆளுக்கொரு குழுவுல சேர்த்துவிட்டேன். அதையும் ஒண்ணாக்கிட்டீங்களே!"