பதினான்கு வருடக் கைதட்டல்

பழைய மேயரின் முகத்தைப் பதினான்கு வருடப் படங்களிலிருந்தும் வெட்டி எறிந்தாயிற்று.

மாநகராட்சி வீடியோ அறையில் எடிட்டருக்கு அது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஆண்டிறுதி விடுமுறை விழாவில் மேயர் பொத்தானை அமுக்குவார், சதுக்கம் முழுக்க விளக்கு எரியும், பிறகு அவர் பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். புது மேயரின் உத்தரவு: விளக்கு இருக்கட்டும், அந்த ஆள் வேண்டாம்.

மிஞ்சியது விளக்குகளும், கைதட்டும் கூட்டமும்தான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. மேயர்கள் திரையில் தங்கள் மூஞ்சியைத் தவிர வேறெதையும் பார்த்து எடிட்டர் கண்டதில்லை. இப்போது பார்க்க மூஞ்சியே இல்லாததால், புது மேயர் கூட்டத்தைப் பார்த்துவிட்டார்.

"நிறுத்துங்க. யார் அந்தம்மா?"

மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண். சுற்றி நிற்பவர்கள் கைதட்ட, அவள் மட்டும் இரண்டு கைகளையும் மேடையை நோக்கி நீட்டி, கண்ணீர் ஒழுகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடப் படத்திலும் இருந்தாள். அதற்கடுத்த வருடத்திலும் அப்படியே இருந்தாள்.

காரணம் எடிட்டருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கூட்டம் முதல் வருடம் மட்டும் கைதட்டிய கூட்டம். மற்ற வருடங்களில் ஜனங்கள் விளக்கைப் பார்த்தார்கள், வாங்கித் தின்றார்கள், மேயர் தொண்டையைச் செருமியதும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். லாரியில் ஆள் ஏற்றி வந்தும் பார்த்தாயிற்று. கை தட்டியது, முகம் கல்லாக இருந்தது. கைதட்டல் இல்லாமல் படம் வெளியே போகக் கூடாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் எடிட்டர் அந்த ஒரு துண்டையே வருடா வருடம் ஒட்டிக்கொண்டு வந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போகும். பென்ஷனும் கூடவே போகும்.

மேயரின் உதவியாளர் திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார்.

"பாவம் சார். பதினாலு வருஷமா ஒரே ஸ்வெட்டர்."

மேயர் நெகிழ்ந்துபோனார். முந்தைய ஆட்சியில் மக்கள் மாற்றுத் துணிக்கே வழியில்லாமல் இருந்ததற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இந்த வருட விழாவில் அந்த அம்மாளை மேடையேற்றித் தன் கையாலேயே புது ஸ்வெட்டர் கொடுப்பதாக அங்கேயே முடிவு செய்தார். இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு நரைகூட விழவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. ஏழைகளுக்கு வயதாகாது என்று நினைத்திருப்பார்கள் போல.

ஆனாலும் மேயரின் மனதை ஏதோ அரித்தது. அந்த ஆளுக்குப் போய் இப்படி உருகுகிறாளே!

"அவ வாய் அசையுது பாருங்க. அந்தாள் பேரையா சொல்றா? ஒரிஜினல எடுத்து, சத்தத்தோட முழுசா போடுங்க."

எடிட்டர் தயங்கினார். டேப் பழசு என்றார், சத்தம் கரகரக்கும் என்றார். மேயர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இனி தப்ப முடியாது.

படம் ஓடியது. கைதட்டல் கேட்டது. அதற்கு மேலே, மைக்கில் ஒரு ஆண் குரல்: "அழாதடா கண்ணு, அம்மா வந்துட்டாங்க பாரு."

வருடா வருடம் எடிட்டர் வெட்டுகிற இடம் வந்தது. இந்த முறை வெட்டாமல் படம் தாண்டிப் போனது.

கேமரா மேடைப் பக்கம் திரும்பியது. மேயர் நாற்காலி காலியாக இருந்தது. மைக்குக்குப் பக்கத்தில், விளக்கு போடுகிற ஆளின் காலைக் கட்டிக்கொண்டு, மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

உடனே படம் குலுங்கியது. ஒரு சத்தத்தோடு தரையில் சாய்ந்தது. யாரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையை நோக்கி ஓடும் கால்கள் மட்டும் தெரிந்தன.

உதவியாளர் கொதித்தெழுந்தார்.

"மாநகராட்சி கேமராவக் கீழ போட்டுட்டு ஓடியிருக்கான்! யாருய்யா அவன்? இன்னும் இங்க சம்பளம் வாங்கிட்டுதான் இருக்கானா?"

எடிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாங்குறேன் சார். அப்ப கேமரா பிடிச்சதும் நான்தான்" என்றார். "அந்தம்மா என் வீட்டுக்காரி. அன்னைக்குக் கூட்டத்துல தொலைஞ்சு கிடைச்சது எங்க பொண்ணு."